ஜப்பான்ல பழைய யமஹா டிஎக்ஸ் 7 வாங்கி, சரி பண்ணி, ஊருக்கு கொண்டு வர்றது எப்படி

நான் ஜப்பான்ல கவாசாகிங்கிற ஊர்ல ஆறு வருஷம் வேலை பாத்தேன். ஊருக்கு திரும்புறதுக்கு முன்னாடி ஒரு பழைய யமஹா டிஎக்ஸ் 7 சிந்தசைசர், அதாவது மின்னணு முறையில சத்தத்தை உருவாக்குற கீபோர்டு, வாங்கி எடுத்துட்டு வரணும்னு ரொம்ப நாள் ஆசை. எண்பதுகள்ல வந்த பாட்டுகள்ல கண்ணாடி மணி மாதிரி ஒரு எலக்ட்ரிக் பியானோ சத்தம் கேக்கும்ல, அது பெரும்பாலும் இந்த மெஷின்ல இருந்து வந்ததுதான். ஒரு கீபோர்டு வாங்குறதுல என்ன இருக்கப்போகுதுன்னு நெனச்சுதான் இறங்குனேன், ஆனா முதல்ல வாங்குனது பயன்படாம போயி, ரெண்டாவதா வாங்குனதுல சத்தமே வராம மூணு வாரம் முழிச்சு, கடைசில சென்னைக்கு வந்து சேர்ந்ததும் ஃபியூஸ் போயி, இப்படி ஒவ்வொரு படியிலயும் அடி வாங்கித்தான் கத்துக்கிட்டேன். உங்களுக்கு அந்த அலைச்சல் வேண்டாம்னுதான் எல்லாத்தையும் வரிசையா எழுதுறேன். ஜப்பான்ல இருக்குற நம்ம ஆளுங்களுக்கும், அங்க இருக்குற நண்பர் மூலமா வாங்கலாம்னு இருக்கறவங்களுக்கும் இது உதவும்.

1. எந்த மாடல்னு முதல்ல முடிவு பண்ணுங்க

மேல டிஎக்ஸ்னு எழுதி, அதே காப்பிக்கொட்டை கலர்ல, அதே பச்சை பட்டன்களோட இருந்தா எல்லாம் டிஎக்ஸ் 7 ஆயிடாது. புதுசா வாங்குறவங்க அதிகமா ஏமாறுற இடம் இதுதான். டிஎக்ஸ் 7ல ஒரு குரலுக்கு ஆறு ஆபரேட்டர் (சத்தத்தை உருவாக்குற அலகு), அதுகளை இணைக்குறதுக்கு 32 விதம், அதைத்தான் அல்காரிதம்னு சொல்லுவாங்க, ஒரே நேரத்துல 16 நோட்டு. 61 கட்டையும் அழுத்துற வேகத்துக்கு ஏத்த மாதிரி சத்தத்தை மாத்தும், அடிச்ச கட்டைய விடாம இன்னும் அழுத்துனா சத்தம் மாறுற ஆஃப்டர்டச்சும் உண்டு. டிஎக்ஸ் 9, டிஎக்ஸ் 21, டிஎக்ஸ் 27, டிஎக்ஸ் 100 எல்லாம் நாலு ஆபரேட்டர் மெஷின். டிஎக்ஸ் 7க்குன்னு நெட்ல கெடைக்குற ஆயிரக்கணக்கான சவுண்டு ஃபைல் எதுவும் அதுல ஏறாது. அதுலயும் டிஎக்ஸ் 9 பாக்குறதுக்கு அப்படியே டிஎக்ஸ் 7 மாதிரியே இருக்கும், விலையும் கம்மியா போட்டிருப்பாங்க, ஆனா மெதுவா அடிச்சாலும் ஓங்கி அடிச்சாலும் ஒரே சத்தம்தான் வரும்.

1987ல வந்த டிஎக்ஸ் 7 டூ டி, டூ எஃப்டி ரெண்டும் நல்ல மெஷின். ஸ்டீரியோ அவுட், வெளிச்சம் வர்ற டிஸ்ப்ளே, இரைச்சலும் கம்மி. மேடையில வாசிக்கிறவங்களுக்கு அதுதான் வசதி. எனக்கு 1983ல வந்த முதல் மாடலோட அந்த லேசான கரகரப்புதான் வேணும், அதனால இங்க சொல்றதெல்லாம் அந்த முதல் மாடலுக்குத்தான். பட்டன் நம்பரெல்லாம் டூ மாடல்ல வேற.

டிஎக்ஸ் 7 கெடைக்கலன்னு அங்கேயே வேற பழைய சிந்தசைசர் எதையாவது தூக்கிடலாம்னு தோணும், கொஞ்சம் பொறுங்க. ஒவ்வொண்ணுக்கும் ஒரு தீராத வியாதி இருக்கு. ரோலண்டு ஜூனோ 106ல குரல் கொடுக்குற சிப்பு ஒண்ணொண்ணா சாகும். கோர்க் பாலிசிக்ஸ்ல உள்ள இருக்குற பேட்டரி கசிஞ்சு போர்டையே தின்னுடும். அதை ஒப்பிட்டா டிஎக்ஸ் 7 முழுக்க டிஜிட்டல், சுதி விலகாது, அதிகமா ரிப்பேர் கேக்காது. பழைய மெஷின் வாங்கி பழக்கம் இல்லாதவங்களுக்கு இதைத்தான் நான் சொல்லுவேன்.

2. விளம்பரத்துல வர்ற நாலஞ்சு ஜப்பானிய வார்த்தைய கத்துக்கோங்க

நான் முதல் தடவை தோத்தது இங்கதான். ஆன்லைன்ல ஒருத்தர்கிட்ட போட்டோவ மட்டும் பாத்து வாங்குனேன். விவரத்துல "ட்சூதென் காகுனின் நோமி"ன்னு போட்டிருந்துச்சு, மொழிபெயர்ப்பு ஆப்ல போட்டப்ப "செக் பண்ணியாச்சு"ங்கிற மாதிரி ஏதோ வந்துச்சு, நம்பிட்டேன். அதோட உண்மையான அர்த்தம் கரண்டு குடுத்தா லைட்டு எரியுது, அதுக்கு மேல எதுவும் பாக்கலைங்கிறதுதான். வந்து சேர்ந்ததுல ஒன்பது கட்டை பேசவே இல்ல, ஒரு கட்டை ஒடிஞ்சே போயிருந்துச்சு. திருப்பிக் குடுக்கவும் வழி இல்ல.

நீங்க தேட வேண்டிய வார்த்தை "தோசா காகுனின் சுமி". எல்லாம் வேலை செய்யுதான்னு பாத்தாச்சுன்னு அர்த்தம். "ஒட்டோதாஷி காகுனின்"னா சத்தம் வருதுங்கிறது மட்டும் பாத்திருக்காங்க, ஒவ்வொரு கட்டையும் பட்டனும் பாத்தாங்களான்னு சொல்ல முடியாது. "கென்ஜோ வதாஷி"ன்னா இருக்குற நெலமையில தர்றோம். "நோ க்ளெய்ம் நோ ரிட்டர்ன்"க்கு அர்த்தமே சொல்ல வேண்டாம். "ஜங்க்"னு போட்டா வேலை செய்யுதுன்னு எந்த உத்தரவாதமும் கிடையாது, உதிரி பாகத்துக்குன்னு நெனச்சு வாங்குங்கன்னு பொருள். "காரி"ன்னா ஸ்லைடரை நகத்தும்போது கரகரன்னு வர்ற சத்தம், அது மட்டும்தான் குறைன்னா பயப்பட வேண்டாம், கான்டாக்ட் க்ளீனர் அடிச்சா பெரும்பாலும் போயிடும்.

3. எங்க தேடுறது, எவ்வளவு ஆகும்

நேர்ல பாத்து வாங்கணும்னா ஹார்டு ஆஃப் கடைகள் ஊர் ஊருக்கு இருக்கு, பெரும்பாலான கிளைகள்ல இசைக்கருவிக்குன்னே தனி மூலை, அதுலயே ஜங்க் அடுக்கு தனியா இருக்கும். டோக்கியோல ஓச்சானோமிசு தெருவுல வரிசையா இசைக்கருவி கடைகள்தான். ஹராஜுகுல இருக்குற ஃபைவ் ஜி பழைய சிந்தசைசருக்குன்னே பேர் போன கடை, விலை கூடத்தான் இருக்கும், ஆனா வாங்காட்டியும் ஒரு தடவை போயி நல்ல நெலமையில இருக்குற மெஷின் எப்படி இருக்கும்னு கண்ணாலயும் காதாலயும் பாத்துட்டு வந்துடுங்க, அப்புறம் மத்த இடத்துல ஏமாற மாட்டீங்க. ஆன்லைன்ல மெர்காரி, யாஹூ ஆக்ஷன், அப்புறம் கடைக்காரங்க மட்டும் பட்டியல் போடுற டிஜிமார்ட். இந்தியாவுல இருந்தே வாங்குறவங்க பையீ, ஜென்மார்க்கெட் மாதிரி இடைத்தரகு சேவை மூலமா வாங்கலாம், ஆனா அவங்க பெட்டிய வாங்கி அனுப்புவாங்களே தவிர வாசிச்சுப் பாக்க மாட்டாங்க.

விலைய பொறுத்தவரைக்கும் நான் தேடின மாசங்கள்ல ஜங்க் பீஸ் 15,000 யென்ல இருந்து 25,000 வரைக்கும், வேலை செய்யுறது 30,000 முதல் 50,000, கடையில பிரிச்சு சர்வீஸ் பண்ணி கேரண்டியோட குடுக்குறது 70,000க்கு மேல. 1983ல இதோட விலை 2,48,000 யென். நான் ரெண்டாவதா வாங்குனது 38,500 யென். முதல்ல விலை கம்மியா ஒண்ணு வாங்கி காசு மிச்சம் பண்ணலாம்னு நெனச்சதுக்கு, ரெண்டையும் கூட்டுனா சர்வீஸ் பண்ணினதையே வாங்கியிருக்கலாம். சால்டரிங் கை பழக்கம் இல்லாதவங்க ஜங்க் பக்கமே போகாதீங்க.

நேரம்னு பாத்தா தேடுறதுக்கு மட்டும் ரெண்டு மாசம் ஒதுக்குங்க. ஊருக்கு கெளம்புற கடைசி வாரத்துல ஓடிப்போயி வாங்காதீங்க, ஏன்னா பேட்டரி, சவுண்டு ஏத்துறது எல்லாத்தையும் ஜப்பான்ல இருக்கும்போதே முடிச்சுட்டா, ஏதாவது கோளாறுன்னா கடைக்கே திரும்பப் போகலாம்.

4. கடையில நிக்கிற இருபது நிமிஷம்

கையோட ஒரு நல்ல ஹெட்போன், தடிமனான 6.3 மில்லிமீட்டர் பின் அடாப்டர், ஒரு சின்ன நோட்டு எடுத்துட்டுப் போங்க. "ஷிதோ ஷிதே மோ ஈ தெஸ் கா"ன்னு கேட்டா வாசிச்சுப் பாக்க விடுவாங்க.

ஆன் பண்ணினதும் டிஸ்ப்ளேல பேர் தெளிவா வருதான்னு பாருங்க. இதுல வெளிச்சம் கிடையாது, அதனால மங்கலா இருக்குறது சகஜம், எழுத்துல கோடு கோடா புள்ளி விட்டுப் போயிருந்தாதான் பிரச்சினை. சேஞ்ச் பேட்டரின்னு வந்தாலோ, சவுண்டு பேரெல்லாம் கிறுக்கலா இருந்தாலோ கடைக்காரர் தயங்குவார், நீங்க தயங்காதீங்க, அது பேட்டரி செத்ததோட அறிகுறி, விலைய கொறைக்கச் சொல்ல நல்ல காரணம். ஃபங்ஷன் பட்டனை அழுத்திட்டு 14ஐ அழுத்துனா பேட்டரி எத்தனை வோல்ட்டுன்னு மெஷினே காட்டும். 3க்கு பக்கத்துல இருந்தா நல்லது.

அடுத்து கட்டைகள். இதுலதான் நிதானம் வேணும். கீழ இருந்து மேல வரைக்கும் 61 கட்டையையும் ஒவ்வொண்ணா மூணு தடவை: ஒரு தடவை மெதுவா, ஒரு தடவை நடுத்தரமா, ஒரு தடவை ஓங்கி. எலக்ட்ரிக் பியானோ சவுண்டு இருந்தா அதை வச்சுப் பாருங்க, மெதுவா அடிச்சா உருண்டையா வரும், ஓங்கி அடிச்சா மேல டிங்னு மணி சேரும். ஒரு கட்டை மட்டும் எப்படி அடிச்சாலும் ஓங்கி அடிச்ச மாதிரியே கத்துச்சுன்னா கீழ இருக்குற கான்டாக்ட் அழுக்கு, துடைச்சா சரியாகும், நோட்டுல குறிச்சுக்கோங்க. அப்படி ரெண்டு மூணு கட்டைன்னா வாங்கலாம், பத்துக்கு மேலன்னா விட்டுடுங்க. ஆஃப்டர்டச் ரொம்ப அழுத்துனாத்தான் வேலை செய்யும், இந்த மாடலே அப்படித்தான், அதுக்காக ஒதுக்க வேண்டாம்.

பச்சை பட்டன்களை நகத்தால குத்தாம விரல் நுனியால அழுத்துங்க, 32ம் ஒவ்வொண்ணா. இதுல தனித்தனி பட்டன் கிடையாது, மேல ஒரே ஷீட்டு. அதிகம் பயன்படுத்துன பட்டன் மட்டும் உள்வாங்கி, ரெண்டு மூணு தடவை அழுத்துனாத்தான் கேக்கும். யெஸ், நோ பட்டன் ரெண்டும் கட்டாயம் நல்லா இருக்கணும், இல்லன்னா பின்னாடி சவுண்டு ஏத்துறதே கஷ்டம். அப்புறம் வால்யூம், டேட்டா ஸ்லைடர், ரெண்டு வீல், சவுண்டு சேமிச்சு வைக்கிற கார்ட்ரிட்ஜை போடுற ஓட்டை. ஹெட்போன்ல சத்தம் வந்தாலும் பின்னாடி இருக்குற அவுட்புட்ல வருதான்னு தனியா பாக்கச் சொல்லுங்க. லேசா ஸ்ஸ்ஸுன்னு ஒரு இரைச்சல் பின்னாடி ஓடிட்டே இருக்கும், அது இந்த மாடலோட பிறவிக் குணம், கோளாறு இல்ல.

5. பேப்பர் எல்லாம் அன்னைக்கே வாங்கிடுங்க

கடை ரசீதுல வெறும் "இசைக்கருவி"ன்னு அடிச்சுக் குடுப்பாங்க. அது பத்தாது. ரியோஷூஷோ (பேர் போட்ட முறையான ரசீது) வேணும்னு கேளுங்க, அதுல உங்க பேரு, மாடல் பேரு, சீரியல் நம்பர், பழைய பொருள்ங்கிற குறிப்பு, தேதி, விலை எல்லாம் எழுதி முத்திரையோட குடுப்பாங்க. நான் அதைக் கேட்டு வாங்காம போயிருந்தா ஏர்போர்ட்ல விலைய நிரூபிக்க வழியே இருந்திருக்காது. அதுக்கு ஆங்கிலத்துல ஒரு பக்கம் நீங்களே டைப் பண்ணி கூட வச்சுக்கோங்க. மெர்காரி, யாஹூ ஆக்ஷன்ல வாங்குனா அந்த பரிவர்த்தனைப் பக்கத்தை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து பிரிண்ட் போடுங்க. மெஷினோட அடியில இருக்குற சீரியல் நம்பர் ஸ்டிக்கரை போட்டோ எடுங்க, அதுலயே 100 வோல்ட்டுன்னும் போட்டிருக்கும்.

வரி இல்லாம வாங்கலாமான்னு நிறைய பேர் கேக்குறாங்க. 10 சதவீத நுகர்வு வரி விலக்கு சுற்றுலா மாதிரி குறுகிய காலத்துக்கு வர்றவங்களுக்கு மட்டும்தான். பாஸ்போர்ட் ஒரிஜினல் கையில இருக்கணும், வரி விலக்கு பலகை வச்ச கடையா இருக்கணும், வரி சேராம 5,000 யென்னாவது வாங்கணும். 2026 நவம்பர் 1ல இருந்து முதல்ல வரியோட காசு கட்டிட்டு, நாட்டை விட்டு கெளம்பும்போது திரும்ப வாங்குற முறைக்கு மாறுது. அங்க குடியிருப்பு அட்டையோட வேலை பாக்குறவங்களுக்கு இது கிடையாது.

6. பேட்டரி மாத்துறது

உள்ள இருக்குறது சாதாரண சிஆர் 2032 நாணய பேட்டரிதான், நூத்துச் சொச்சம் யென்னுக்கு எந்த கடையிலயும் கெடைக்கும். கஷ்டம் என்னன்னா அதை போர்டுலயே சால்டர் பண்ணி வச்சிருக்காங்க. பழைய பேட்டரிய எடுத்தா உள்ள இருக்குற 32 சவுண்டும் அழிஞ்சிடும், அதனால பழைய ஓனர் உருவாக்குன சவுண்டு ஏதாவது பிடிச்சிருந்தா, முதல்ல ஏழாவது படியில சொல்ற மாதிரி கம்ப்யூட்டருக்கு எடுத்து வச்சுக்கோங்க.

ப்ளக்கை கழட்டி அரை மணி நேரம் விடுங்க. ஸ்க்ரூவ கழட்டி மேல் பேனலை மெதுவா தூக்குங்க, உள்ள ரிப்பன் கேபிள் இழுபடும், வேகமா தூக்காதீங்க. பழைய பேட்டரிய சால்டர் எடுத்து கழட்டிட்டு, அந்த இடத்துல நேரா புது பேட்டரிய சால்டர் பண்ணாம ஒரு பேட்டரி ஹோல்டரை வைங்க. சும்மா பேட்டரி மேல சால்டரிங் அயர்ன் வச்சா சூட்டுல வெடிக்கலாம். ஹோல்டர் வச்சுட்டா அடுத்த தடவை கையாலயே மாத்திக்கலாம். பிளஸ் மைனஸ் மாறாம இருக்க, கழட்டுறதுக்கு முன்னாடி ஒரு போட்டோ. எனக்கு ஒரு சாயங்காலம் ஆச்சு. கை நடுங்குதுன்னா தெரிஞ்ச டெக்னீசியன்கிட்ட குடுங்க, இதுல கௌரவம் பாக்க வேண்டாம்.

7. சத்தமே வரலையா? பயப்படாதீங்க

பேட்டரி மாத்தி ஆன் பண்ணினதும் டிஸ்ப்ளேல கிறுக்கல், கட்டைய அழுத்துனா மயான அமைதி. எனக்கு வயித்துல புளியக் கரைச்சுது. மெஷின் சாகல. உள்ள மெமரி முழுக்க அர்த்தமில்லாத குப்பை நம்பர்தான், அந்த குப்பையத்தான் அது சவுண்டுன்னு நெனச்சு வாசிக்குது.

முதல்ல கன்ட்ரோலர் செட்டிங்கை சுத்தம் பண்ணுங்க. ஃபங்ஷன் அழுத்திட்டு 20, 24, 28, 32 ஒவ்வொண்ணா போயி இஜி பயாஸ் (கன்ட்ரோலரை அசைச்சு சத்தத்தோட அளவை மாத்துற செட்டிங்) எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க. இது வீல், கால் பெடல், ஊதுற கன்ட்ரோலர், ஆஃப்டர்டச் நாலுக்கும் உள்ளது. இதுல எது ஆன்ல இருந்தாலும், அதை அசைக்காத வரைக்கும் சத்தம் அமுங்கிக் கெடக்கும். இதைத் தெரியாம அவுட்புட் ஜாக்கெல்லாம் மாத்துனவங்கள நான் பாத்திருக்கேன்.

அப்புறம் ஒரிஜினல் சவுண்டு ஏத்தணும். இதுக்கு கம்ப்யூட்டர், ஒரு மிடி இன்டர்ஃபேஸ் (மிடிங்கிறது இசைக்கருவியும் கம்ப்யூட்டரும் பேசிக்கிற முறை, அதுக்கான இணைப்புப் பெட்டி), கம்பெனி கார்ட்ரிட்ஜோட ஃபைல் வேணும். ரோம் 1ஏன்னு தேடுனா கெடைக்கும், 32 சவுண்டு இருக்குற அந்த ஃபைல் சரியா 4,104 பைட்டு. அளவு வேறயா இருந்தா அது தப்பான ஃபைல், ஏத்தாதீங்க.

வரிசை இப்படி. மெமரி ப்ரொடெக்ட்ல இன்டர்னல்ங்கிற பட்டனை அழுத்தி, நோ அழுத்தி ஆஃப் பண்ணுங்க. ஃபங்ஷன் அழுத்தி 8ஐ அழுத்துனா மிடி சேனல் வரும், அதை 1ல வைங்க. திரும்ப 8 அழுத்துனா சிஸ் இன்ஃபோ அன்அவெயில்னு வரும், யெஸ் அழுத்துனா அவெயில்னு மாறும். இது மாறலைன்னா அனுப்புற எதையும் அது காதுலயே வாங்காது. இன்டர்ஃபேஸோட அவுட்டை டிஎக்ஸ் 7ஓட மிடி இன்ல சொருகுங்க, நிறைய பேர் இன்னுக்கு இன் சொருகிட்டு உக்காந்திருப்பாங்க. மேக்னா சிஸெக்ஸ் லைப்ரேரியன், விண்டோஸ்னா மிடி ஆக்ஸ். ஃபைலை அனுப்புங்க. முடிஞ்சதும் மெமரி ப்ரொடெக்டை திரும்ப ஆன் பண்ண மறக்காதீங்க. இதே 8ல மூணாவது தடவை வர்ற மிடி ட்ரான்ஸ்மிட்டுக்கு யெஸ் சொன்னா உள்ள இருக்குறது கம்ப்யூட்டருக்குப் போகும், பேக்கப் எடுக்குறது அப்படித்தான். அதுக்கு மட்டும் ஒயரை மாத்தி டிஎக்ஸ் 7ஓட அவுட்ல இருந்து இன்டர்ஃபேஸோட இன்னுக்கு குடுக்கணும்.

இவ்வளவும் சரியா பண்ணியும் எனக்கு மூணு வாரம் ஏறல. மெமரி ப்ரொடெக்டை பாத்தேன், சேனலை பாத்தேன், மூணு விதமான ஃபைல் எறக்கிப் பாத்தேன், கம்ப்யூட்டரையே மாத்திப் பாத்தேன். கடைசில குற்றவாளி யூஎஸ்பில இருந்து நேரா ரெண்டு மிடி ஒயரா பிரியுற அந்த மலிவு கேபிள்தான். கட்டைய வாசிச்சா நோட்டெல்லாம் ஒழுங்கா போகும், அதனால கேபிள் மேல சந்தேகமே வராது. ஆனா 4,104 பைட்டை ஒரே மூச்சா அனுப்புனா நடுவுல கொஞ்சத்தை விட்டுடும், மெஷின் மொத்தத்தையும் நிராகரிச்சிடும். ஒரு நண்பரோட ஆடியோ இன்டர்ஃபேஸ்ல இருந்த மிடி போர்ட் வழியா அனுப்புனேன், முதல் தடவையே ஏறிடுச்சு. மிடியோட வேகத்துக்கு இந்த ஃபைல் போக ஒண்ணேகால் செகண்டுக்கு கொஞ்சம் மேல ஆகணும். சாஃப்ட்வேர்ல வேகம் கொறைக்குற வசதி இருந்தா கொறைச்சும் பாருங்க. காசு மிச்சம் பண்ண வேண்டாத இடம்னா அது இந்த இன்டர்ஃபேஸ்தான். 5,000, 6,000 யென் ஆனாலும் பேர் தெரிஞ்ச கம்பெனியோடதா வாங்குங்க.

ஏறினதும் 11ஐ அழுத்துங்க. இ பியானோ 1ன்னு வரும். ராத்திரி ஒரு மணிக்கு, பக்கத்து வீட்டுக்கு கேக்கக் கூடாதுன்னு ஹெட்போன் மாட்டிக்கிட்டு, நடு சிய மெதுவா ஒரு தடவை அழுத்துனேன். அப்புறம் கொஞ்சம் ஓங்கி. அந்த மணி டிங்னு மேல எழும்பி அப்படியே கரைஞ்சுச்சு. சின்ன வயசுல எங்க வீட்டு டேப் ரெக்கார்டர்ல கேட்ட அதே சத்தம், என் விரலுக்கு கீழ. கண்ணு கலங்கிடுச்சு, ரெண்டு நிமிஷம் அடுத்த கட்டைய தொடவே இல்ல. 15ல பேஸ், 26ல கோயில் மணி மாதிரி ட்யூபுலர் பெல், அதையும் கேட்டுப் பாருங்க.

இதை வச்சு கம்ப்யூட்டர்ல இருக்குற வேற சவுண்டை வாசிக்கணும்னு நெனக்கிறவங்களுக்கு ஒண்ணு. இந்த முதல் மாடல் மிடி சேனல் 1ல மட்டும்தான் அனுப்பும், ஓங்கி அடிச்சாலும் வேகத்தோட அளவு (வெலாசிட்டி) மிடியோட உச்சமான 127 வரைக்கும் போகாது. அதனால மத்த சவுண்டெல்லாம் கொஞ்சம் அமுங்கலா கேக்கும், சாஃப்ட்வேர்ல வெலாசிட்டி கர்வை ஏத்திக்கோங்க. மெஷின் வர்ற வரைக்கும் கை பழகணும்னா டெக்ஸ்டுன்னு ஒரு இலவச பிளகின் இருக்கு, இதே ஃபைல்களை அப்படியே திறக்கும்.

8. பெட்டி கட்டுறதும் விமானமும்

மெஷின் மட்டும் 14.2 கிலோ, நீளம் 1 மீட்டரை லேசா தாண்டும். ஒழுங்கா பெட்டி கட்டுனா 18 கிலோ கிட்ட வரும், நீளம் அகலம் உயரம் மூணும் கூட்டுனா 180 சென்டிமீட்டர் பக்கம் வரும். இந்த கூட்டுத்தொகைதான் எல்லாத்தையும் தீர்மானிக்கும். ஜப்பானுக்குள்ள அனுப்புறதுன்னா 170ஐ தாண்டுனா தபால்துறையோட யூபேக் எடுக்காது, யாமாதோ கூரியர் 200 வரைக்கும், 30 கிலோ வரைக்கும் எடுக்கும். ஆன்லைன்ல வாங்கும்போது அனுப்புறவர் எதுல அனுப்புறார்னு இதை வச்சுக் கேளுங்க. எனக்கு முதல்ல வந்த பெட்டிய சைஸ் கொறைக்குறதுக்காக ஒட்ட ஒட்ட வெட்டி, ஓரத்துல ஒரு விரல் கனம் கூட இடம் விடாம கட்டியிருந்தாங்க, அந்தக் கட்டை ஒடிஞ்சது அதனாலதான்.

விமானத்துல நிறைய கம்பெனிக்கு 23 கிலோ, 158 சென்டிமீட்டர் வரம்பு. ஜப்பானோட ஏஎன்ஏ விமானக் கம்பெனியும் 158தான். ஜப்பான் ஏர்லைன்ஸ்ல சர்வதேச பயணத்துக்கு 203 வரைக்கும் விடுறாங்க, அதனால நான் அவங்களோட நரிட்டா பெங்களூரு விமானம் பாத்து டிக்கெட் போட்டேன், கூடுதல் காசு எதுவும் ஆகல. டிக்கெட் போடுறதுக்கு முன்னாடி பெட்டிய கட்டி அளந்துடுங்க, பின்னாடி அளந்தா ஏர்போர்ட் கவுண்டர்ல காசு கட்டுவீங்க. நடுவுல விமானம் மாறுதுன்னா ரெண்டாவது கம்பெனியோட வரம்பையும் பாருங்க.

கட்டும்போது கட்டைகள் மேல நேரா பாரம் விழக் கூடாது. முதல்ல கட்டை வரிசைக்கு மேல தடிமனா ஒரு ஃபோம் பட்டை, அது மேல மெஷினை முழுசா பப்பிள் ரேப், நாலு மூலைக்கும் கெட்டியான ஃபோம், உள்பெட்டி, அதுக்கும் வெளிப்பெட்டிக்கும் நடுவுல எல்லா பக்கமும் அஞ்சு சென்டிமீட்டராவது. ஸ்லைடர் முனைகள், வீல் எல்லாத்துக்கும் அட்டையால ஒரு தடுப்பு. அரை நாள் ஆகும். உள்ள மாட்டியிருக்குற பேட்டரி பெட்டியோட போகலாம், ஸ்பேர் சிஆர் 2032 வாங்கியிருந்தா அது கைப்பையில மட்டும்தான் போகணும்.

9. கஸ்டம்ஸ்

இசைக்கருவி சுங்கப் பட்டியல்ல இது 9207 10ல வருது, கீபோர்டு வகை. வரி இல்லாத பேகேஜ் வரம்பும் விகிதமும் அப்பப்ப மாறுது, டிக்கெட் போடுற வாரமே கஸ்டம்ஸ் தளத்துல பாத்துக்கோங்க. வாங்குன விலை வரம்பைத் தாண்டுனா நீங்களே சிவப்பு வழியில (வரி கட்ட வேண்டியவங்க போற வழி) போயி சொல்லிடுங்க. அவ்வளவு பெரிய பெட்டிய யாரும் பாக்காம விட மாட்டாங்க. ரியோஷூஷோ, அதோட ஆங்கிலப் பக்கம், சீரியல் நம்பர் போட்டோ மூணையும் ஒரே பிளாஸ்டிக் கவர்ல போட்டு கையில வச்சிருந்தேன், பழைய பொருள்னு அதுலயே இருந்ததால பத்து நிமிஷத்துல முடிஞ்சுச்சு. ரெண்டு வருஷத்துக்கு மேல வெளிநாட்டுல இருந்துட்டு நிரந்தரமா திரும்புறவங்களுக்கு டிரான்ஸ்ஃபர் ஆஃப் ரெசிடென்ஸ்னு தனி சலுகை இருக்கு, பாஸ்போர்ட்ல தேதிகள் தெளிவா இருக்கணும், நடுவுல எத்தனை நாள் ஊருக்கு வந்தோம்ங்கிறதும் கணக்குல வரும், அந்த நிபந்தனைய முன்னாடியே படிச்சுடுங்க.

நண்பர்கிட்ட குடுத்து அனுப்புறதா இருந்தா ரசீது அவர் பேர்ல இருக்கட்டும், வரி வந்தா யார் கட்டுறதுன்னு அவர் விமானம் ஏறுறதுக்கு முன்னாடி பேசிடுங்க. கூரியர்னா ஆதார் அல்லது பாஸ்போர்ட் கேஒய்சி, இன்வாய்ஸ், பழைய பொருள்ங்கிற விவரம் எல்லாம் கேப்பாங்க, வரியும் பேகேஜ் கணக்குல வராம தனி கணக்குல வரும், கையோட கொண்டு வர்றதுதான் நிம்மதி.

10. ஊர்ல ப்ளக்ல சொருகுறதுக்கு முன்னாடி

ஜப்பான் மெஷின் 100 வோல்ட், நம்ம ஊரு 230. ட்ராவல் அடாப்டர் பின்னோட வடிவத்தை மட்டும்தான் மாத்தும், வோல்ட்டை மாத்தாது. நான் குளிக்கப் போயிருந்த நேரத்துல என் தம்பி ஆசையா பெட்டிய பிரிச்சு, மொபைல் சார்ஜர் போடுற யுனிவர்சல் அடாப்டர்ல சொருகிட்டான். டப்புன்னு ஒரு சத்தம். ஃபியூஸ் போயி உள்ள இருக்குற ட்ரான்ஸ்ஃபார்மர் தப்பிச்சுது, டெக்னீசியன் ஃபியூஸ் மாத்தி, பவர் சப்ளை வோல்ட்டேஜ் எல்லாம் அளந்து பாத்துக் குடுக்க 600 ரூபா. பவர் சப்ளை போயிருந்தா அந்த 100 வோல்ட் ட்ரான்ஸ்ஃபார்மரை எங்க போயி தேடுறது?

அதனால ஜப்பான்ல பெட்டி கட்டும்போதே ப்ளக் மேல 100 வோல்ட் மட்டும்னு தமிழ்ல பெருசா எழுதி டேப் சுத்தி ஒட்டிடுங்க. வாங்க வேண்டியது 230ல இருந்து 100க்கு இறக்குற ட்ரான்ஸ்ஃபார்மர். கடையில சாதாரணமா கெடைக்குறது அமெரிக்கப் பொருளுக்கான 110 வோல்ட்டுது, "ஒண்ணும் ஆகாது சார்"னு குடுத்துடுவாங்க. நாப்பது வருஷப் பழைய மெஷினுக்கு அந்த பத்து வோல்ட் கூடுதல் சூட்டை ஏன் குடுக்கணும்? சென்னைல ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் ட்ரான்ஸ்ஃபார்மர் சுத்திக் குடுக்குறவங்ககிட்ட 100 வோல்ட், 100 வாட்ஸ், ரெண்டு சுத்தும் தனித்தனியா இருக்குற மாதிரி வேணும்னு சொல்லுங்க, ரெண்டு மூணு நாள்ல குடுத்துடுவாங்க. வாங்கினதும் மெஷினை மாட்டாம முதல்ல மல்டிமீட்டர் வச்சு அவுட்புட்டை அளந்து பாருங்க. லோடு இல்லாம 100க்கு மேல கொஞ்சம் காட்டும், அது சரி. 110ஐ தொட்டா திருப்பிக் குடுத்துடுங்க.

கரண்டு போயி போயி வர்ற ஏரியான்னா நடுவுல ஒரு ஸ்டெபிலைசர். வாசிச்சு முடிச்சதும் சுவிட்சை அணைச்சா மட்டும் போதாது, ட்ரான்ஸ்ஃபார்மரையும் ப்ளக்ல இருந்து எடுத்துடுங்க. கடல் காத்து அடிக்கிற வீடுன்னா கான்டாக்ட் சீக்கிரம் கறுக்கும், மேல ஒரு பருத்தித் துணி போட்டு மூடி வைங்க, பிளாஸ்டிக் கவர் வேண்டாம், ஈரம் உள்ளயே தங்கிடும். வாரத்துக்கு ஒரு தடவையாவது எல்லா கட்டையையும் மேல இருந்து கீழ வரைக்கும் வாசிங்க, வாசிக்காம வச்சா அந்தக் கட்டைகள்தான் முதல்ல ஊமையாகும்.